விழுந்த நர்ஸ் எழுந்து வர வழி விடு!

போதை மருந்துக்கு அடிமையாகி, ஆஸ்பத்திரி மருந்தைத் திருடி, போலீஸிடம் பிடிபட்டு, கோர்ட்டுக் கூண்டில் நின்ற ஒரு நர்ஸ், சிகிச்சை பெற்றுக் குணமாகி வருகிறார். அவர் மறுபடியும் நோயாளியின் கட்டிலருகே நிற்கலாமா? கூடாதா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வழக்கு தீரவில்லை. "திருடியவளிடமே மறுபடி சாவியைக் கொடுப்பதா?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "நோய் வந்தவருக்கு வைத்தியம் செய், வைத்தியம் முடிந்தால் வேலையைக் கொடு" என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள்.

அமெரிக்க நர்ஸின் கதை நமக்கு எதற்கு என்று ஆலையில் நிற்கும் தோழரும், நாற்று நடும் தோழரும் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நர்ஸ் தமது இரண்டு கைகளை நம்பிப் பிழைக்கும் தொழிலாளி. தொழிலாளி தவறினால் சட்டம் எப்படிப் பாய்கிறது, முதலாளி தவறினால் அதே சட்டம் எப்படிப் பதுங்குகிறது என்பதை இந்த விவகாரம் கண்ணாடி போலக் காட்டுகிறது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

நோய் எப்படிப் பிடிக்கிறது?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 12 மணி நேர ஷிப்டு சர்வ சாதாரணம். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி என்று மாறி மாறி நிற்பவர்கள் ஏராளம். ஆள் போதாத வார்டில், தம்மைவிட இரண்டு மடங்கு கனமான நோயாளியைத் தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், உட்கார வைக்க வேண்டும். முதுகும் தோளும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நூல் ஆலையில் ராத்திரி ஷிப்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதுகு போகிறது. டாக்டர் வலிநீக்கி மாத்திரைக்குச் சீட்டு எழுதுகிறார். அபின் இனத்தைச் சேர்ந்த மாத்திரை அது. வலி போகிறது, மனபாரமும் சேர்ந்து இறங்குகிறது. மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது. சில மாதம் கழித்து, மாத்திரை இல்லாவிட்டால் உடம்பு நடுங்குகிறது, வியர்க்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. டாக்டர் சீட்டை நிறுத்தி விடுகிறார். உடம்பு கேட்பதை நிறுத்துவதில்லை.

மற்றத் தொழிலாளிக்கும் நர்ஸுக்கும் இங்கேதான் வித்தியாசம். நர்ஸின் கைக்கெட்டும் தூரத்தில் மார்பினும் பென்டனைலும் இருக்கின்றன. நோயாளிக்கு ஒரு மில்லிகிராம் போடச் சொல்லியிருப்பார் டாக்டர். குப்பியில் இரண்டு இருக்கும். மிச்சத்தை இன்னொரு நர்ஸின் கண் முன்னே கொட்டி அழித்து, இருவரும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அவசரத்தில், ஆள் பற்றாக்குறையில், சாட்சி பார்க்காமலேயே பதிவு போட்டு விடுவார். மிச்சம் பையில் விழும். முதல் நாள் மிச்சம். பிறகு ஒரு நாள், நோயாளிக்குச் சேர வேண்டியதே.

இதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆபரேஷன் ஆன மனிதர் வலியில் துடிக்கும்போது அவருக்குரிய மருந்தை வேறொருவர் எடுத்துக்கொள்வது கொடுமை. அந்த நோயாளியும் பெரும்பாலும் ஒரு உழைப்பாளிதான். நர்ஸின் சார்பாகப் பேசும் எவரும் நோயாளியை மறந்து பேசக்கூடாது. நோயாளிக்கு எது பாதுகாப்பு என்ற கேள்வியை வைத்துக்கொண்டே மேலே போவோம்.

ஒரு குற்றம், எத்தனை தண்டனை?

பிடிபட்ட நர்ஸுக்கு என்ன நடக்கிறது? வரிசையாகப் பாருங்கள்.

முதலில் வேலை போகிறது. வேலையோடு இன்ஷூரன்ஸும் போகிறது. அமெரிக்காவில் உழைக்கும் ஜனங்களில் பெரும் பகுதியினருக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் வேலையோடு கட்டப்பட்டது. வைத்தியம் தேவைப்படும் அதே நாளில் வைத்தியத்துக்கான வழி அடைபடுகிறது.

இரண்டாவதாக, போலீஸ் வழக்கு. கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை மோசடி செய்து எடுப்பது பெருங்குற்றம். மத்திய சட்டத்தின்படி நான்கு ஆண்டு வரை சிறை. சில இடங்களில் போதைக்கென்றே தனிக் கோர்ட்டுகள் உண்டு. முதல் கோர்ட் 1989-ல் மயாமியில் ஆரம்பமானது. அங்கே சிகிச்சையை ஒழுங்காக முடித்தால் குற்றச்சாட்டைத் தள்ளி விடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு.

மூன்றாவதாக, லைசென்ஸ். ஒவ்வொரு மாநிலத்திலும் நர்ஸ்களுக்கு லைசென்ஸ் வழங்கும் அதிகார அமைப்பு உண்டு. கோர்ட் விட்டாலும் இது விடாது. லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், பறிக்கலாம், நிபந்தனை போட்டுத் திருப்பித் தரலாம்.

நான்காவதாக, மத்திய சர்க்கார். ஆஸ்பத்திரியில் மருந்து திருடியதற்காகப் பெருங்குற்றத் தீர்ப்பு ஏற்பட்டால், மத்திய சர்க்கார் பணத்தில் நடக்கும் மெடிகேர், மெடிகெயிட் திட்டங்களிலிருந்து குறைந்தது 5 ஆண்டு ஒதுக்கி வைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரிகளும் அந்தப் பணத்தை வாங்குகின்றன. ஆகவே எந்த ஆஸ்பத்திரியும் அவரை எடுக்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிகிச்சை முடித்து, கோர்ட் குற்றச்சாட்டைத் தள்ளி விட்ட பிறகும், அந்த ஒப்புதலையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு கை பூட்டைத் திறக்கிறது. மறு கை அதே கதவில் வேறு பூட்டைப் போடுகிறது!

ஒரு குற்றத்துக்கு ஒரு தண்டனை என்பார்கள். இங்கே வேலை, கோர்ட், லைசென்ஸ், மத்திய சர்க்கார் என்று நான்கு சாட்டைகள்.

மருந்தை விற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது?

இனி மேல்மாடியைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் அபின் இன மாத்திரைகள் வீட்டுக்கு வீடு நுழைந்தது தற்செயலாக நடக்கவில்லை. பர்டூ பார்மா என்னும் கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைச் சந்தையில் இறக்கியது. டாக்டர்களிடம் ஆள் அனுப்பி, இந்த மாத்திரையில் அடிமைப்படும் ஆபத்து குறைவு என்று பிரசாரம் செய்தது. லாபம் கொட்டியது. 1999 முதல் 2022 வரை அபின் இன மருந்துகளையும் போதைப் பொருள்களையும் அளவு மீறி எடுத்து அந்த நாட்டில் மாண்டவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இவர்களில் கள்ளச் சந்தைப் பொருளால் செத்தவர்கள் ஏராளம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதையின் முதல் கல்லை நட்டது சீட்டெழுதித் தந்த மாத்திரை.

2007-ல் பர்டூவோடு இணைந்த ஒரு கம்பெனி, ஜனங்களை ஏய்க்கும் விதத்தில் மருந்தின் குணத்தைத் தவறாகச் சொன்னதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனியின் உயர் அதிகாரிகள் மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தண்டனை என்ன? எல்லாம் சேர்த்து 63 கோடி டாலருக்கு மேல் பணம். அந்த மூவருக்கும் நன்னடத்தைக் காவல், சமூக சேவை. சிறை? ஒரு நாள் கூட இல்லை.

2020-ல் பர்டூ கம்பெனி மூன்று பெருங்குற்றங்களை மறுபடி ஒப்புக்கொண்டது. அப்போதும் எவரும் சிறைக்குப் போகவில்லை. கம்பெனியின் சொந்தக்காரர்களான ஸாக்லர் குடும்பத்தார், 2007 வழக்குக்குப் பின் வந்த சுமார் பத்து ஆண்டுகளில் அதிலிருந்து எடுத்த பணம் ஏறத்தாழ 1,100 கோடி டாலர். இனி எங்கள் மேல் யாரும் வழக்குப் போடக்கூடாது என்ற பாதுகாப்பையும் சேர்த்து ஒரு சமரசத் திட்டம் போட்டார்கள். அந்தப் பாதுகாப்பு செல்லாது என்று 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதுவரை துணிந்து கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

குப்பியில் மிஞ்சிய ஒரு மில்லிகிராமை எடுத்த கைக்கு விலங்கு. கோடிக்கணக்கில் மாத்திரையை வார்த்த கைக்கு அபராதச் சீட்டு. அதுவும் லாபத்திலிருந்து கட்டுகிற சீட்டு. இதற்குப் பெயர் சட்டத்தின் முன் எல்லோரும் சமம்!

கதவு கொஞ்சம் திறந்த கதை

நர்ஸ்கள் சும்மா இருக்கவில்லை. 1982-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கத்தின் பிரதிநிதிகள் கூடி, போதையிலும் குடியிலும் சிக்கிய சக நர்ஸ்களுக்கு உதவ ஏற்பாடு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தண்டிப்பதற்கு முன் சிகிச்சை என்பது அதன் சாரம். 1980களில் புளோரிடா, கலிபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் இதற்கென்று திட்டங்கள் ஏற்பட்டன. இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் உள்ளன.

திட்டம் எப்படி நடக்கிறது? நர்ஸ் தாமாக வரலாம். ஆஸ்பத்திரியோ லைசென்ஸ் அமைப்போ அனுப்பலாம். முதலில் சிகிச்சை. பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை கண்காணிப்பு. தினமும் காலையில் போன் செய்ய வேண்டும். இன்று உன் முறை என்று பதில் வந்தால், அன்றே பரிசோதனைக் கூடத்துக்குப் போய் சிறுநீர் கொடுக்க வேண்டும். சொட்டு மது ஆகாது. கசகசா சேர்ந்த ரொட்டி கூட ஆகாது. பரிசோதனை அபின் என்று காட்டி விடும். குணமடைந்து வரும் மற்ற நர்ஸ்களோடு கூட்டங்களுக்குப் போக வேண்டும். வேலைக்குத் திரும்பினால், முதல் சில மாதங்களோ ஓராண்டோ போதை தரும் மருந்துகளைத் தொடக்கூடாது. ராத்திரி ஷிப்டும் ஓவர்டைமும் பல இடங்களில் கிடையாது. மேற்பார்வையாளர் அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும்.

இது கடுமையான ஏற்பாடுதான். ஆனால் பயன் தருகிறது. ஆயிரக்கணக்கான நர்ஸ்களின் பதிவுகளைப் பரிசீலித்து 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஐந்தாண்டு கண்காணிப்பும், தினசரி போனும், மாதம் இரண்டு முறையாவது பரிசோதனையும் இருந்தால், திட்டத்தை வெற்றியாக முடிப்பவர்கள் அதிகம் என்று கண்டது. நேற்று ஒரு துளியும் எடுக்கவில்லை என்பதற்குக் காகிதச் சாட்சி வைத்திருக்கும் நர்ஸ், வார்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்படியானால் குறை எங்கே? மூன்று இடங்களில் இருக்கிறது.

முதல் குறை, செலவு. போனுக்கும், பரிசோதனைக்கும், ஆலோசகருக்கும் பெரும்பாலும் நர்ஸே கைப்பணம் கட்ட வேண்டும். மாதம் சில நூறு டாலர் ஆகி விடும். சம்பளம் நின்ற குடும்பம் இதை எங்கிருந்து கட்டும்? கட்ட முடியாமல் நின்றவரை, ஒழுங்கு மீறியவர் என்று பதிவு செய்கிறார்கள். வறுமையை ஒழுக்கக்கேடு என்று எழுதும் பழைய வித்தைதான் இது.

இரண்டாவது குறை, வேலை. லைசென்ஸ் கையில் இருக்கும், வேலை இருக்காது. மருந்தைத் தொடக்கூடாத நர்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆஸ்பத்திரிகள் கையை விரிக்கின்றன. பல மாநிலங்களில், நர்ஸாக வேலை பார்த்த காலம்தான் கண்காணிப்புக் காலக் கணக்கில் சேரும். வேலை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். வேலை பார்க்காவிட்டால் கணக்கு நகராது என்கிறார்கள். கிணற்றில் தள்ளிவிட்டுக் கயிற்றையும் உருவிக்கொள்வது போல!

மூன்றாவது குறை, வைத்தியத்துக்கே தடை. அபின் நோய்க்கு பூப்ரினார்பின், மெதடோன் என்ற மருந்துகள் உண்டு. சாவைக் குறைக்கும் மருந்துகள் என்று வைத்திய உலகம் ஒப்புக்கொண்டவை. இவற்றைச் சாப்பிடுகிறவர் எங்கள் உதவித் திட்டத்தில் சேர முடியாது, நிறுத்திவிட்டு வா என்று இந்தியானா மாநிலத்தில் ஒரு நர்ஸை விரட்டினார்கள். ஊனமுற்றோர் உரிமைக்காக 1990-ல் வந்த சட்டத்தை இது மீறுகிறது என்று மத்திய நீதி இலாகா 2022 மார்ச்சில் அறிவித்தது. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்தினால்தான் வேலை என்று யாராவது சொல்வார்களா?

மறைக்க வைப்பது யார்?

"இவ்வளவு தொல்லை எதற்கு? பிடிபட்டவரை விரட்டி விட்டால் நோயாளி பத்திரம்" என்கிறார்கள். பார்ப்பதற்கு நியாயம் போலத் தோன்றும். நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2012-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் நோய் தொற்றியது. காரணம், அங்கே வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன். பென்டனைல் ஊசியைத் தான் போட்டுக்கொண்டு, அதே ஊசிக் குழாயில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்தார். அவருக்கு அந்த நோய் இருந்தது. 2013-ல் அவருக்கு 39 ஆண்டு சிறை விதித்தார்கள். கொடிய குற்றம், தண்டனையைப் பற்றி நமக்குப் பேச்சில்லை.

ஆனால் அதற்கு முன் என்ன நடந்தது? அவர் மாநிலம் மாநிலமாகச் சுற்றி வேலை பார்த்தவர். முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் அவரைச் சந்தேகப்பட்டு வெளியே அனுப்பியிருந்தன. அனுப்பினால் தீர்ந்ததா? அடுத்த ஊரில் அடுத்த கதவு திறந்தது. விரட்டியடித்தது நோயாளியைக் காப்பாற்றவில்லை. ஆபத்தை அடுத்த ஊருக்கு அனுப்பி வைத்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. வெளியே சொன்னால் வேலை போகும், வீடு போகும், ஜெயில் கிடைக்கும் என்றால் எந்த மனிதர் வாய் திறப்பார்? மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளிக்கு ஆபத்து. பக்கத்தில் நிற்கும் தோழிக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகள் உள்ள பெண்ணைக் காட்டிக் கொடுத்துத் தெருவில் நிறுத்துவதா என்று அவரும் வாயை மூடிக்கொள்வார். சொன்னால் சிகிச்சை உண்டு, பிறகு வேலை உண்டு என்று தெரிந்தால் அந்தத் தோழியே கையைப் பிடித்து அழைத்துப் போவார். நோயாளியின் பாதுகாப்பும் நர்ஸின் பிழைப்பும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்பது நிர்வாகங்கள் கட்டி விட்ட கதை.

விமானிகள் காட்டிய வழி

செய்ய முடியாத காரியமா இது? அதே அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். விமானியின் கையில் நூற்றுக்கணக்கான உயிர்கள். 1970களில் விமானிகளின் சங்கம் முன்கை எடுத்தது. குடிக்கு அடிமையான விமானிக்குச் சிகிச்சை கொடுத்து, கண்காணித்து, மறுபடி விமானத்தில் ஏற்றும் ஏற்பாட்டை உண்டாக்கியது. சங்கம், கம்பெனி, சர்க்கார் இலாகா மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. ஆயிரக்கணக்கான விமானிகள் இப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள். ஜனங்கள் அவர்கள் ஓட்டும் விமானத்தில் ஏறிப் போகிறார்கள்.

விமானிக்கு முடிந்தது நர்ஸுக்கு ஏன் முடியவில்லை? விமானிக்குப் பலமான சங்கம் இருக்கிறது. ஒருவரைப் பயிற்றுவிக்கக் கம்பெனிக்குப் பெரும் பணம் ஆகிறது. எளிதில் இழக்க மனம் வராது. நர்ஸைப் பற்றி நிர்வாகம் நினைப்பதென்ன? ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள் என்று. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் சங்கம் இல்லாத ஆஸ்பத்திரிகள். வித்தியாசம் மருந்தில் இல்லை, நோயில் இல்லை. பேரம் பேசும் பலத்தில் இருக்கிறது.

நாம் சொல்வது

சின்ன முன்னேற்றங்கள் வராமல் இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2023-ல் ஒரு சட்டம் போட்டு, கண்காணிப்புத் திட்டத்தில் சேரும் நர்ஸ்களின் கைச்செலவுக்கு உதவித்தொகை தர வழி செய்தது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றுவதில் என்ன கஷ்டம்?

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

தாமாக வந்து உதவி கேட்கும் நர்ஸை நோயாளியாக நடத்த வேண்டும். போலீஸ் முதல் வாசலாக இருக்கக்கூடாது. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் அதை மறைக்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லிப் பரிகாரம் செய்ய வேண்டும்.

கண்காணிப்பு இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். அதன் செலவை ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் சர்க்காரும் ஏற்க வேண்டும். மருந்துக் கம்பெனிகளிடம் வசூலாகும் அபராதப் பணம் இதற்குப் பயன்படட்டும்.

திரும்பி வருகிறவருக்கு, மருந்துச் சாவி தேவைப்படாத வேலைகளை ஒதுக்க வேண்டும். நோயாளிக்குப் புண் கட்டவும், கணக்கெழுதவும், புதிய நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டாமா?

கோர்ட் தள்ளி விட்ட குற்றச்சாட்டை வைத்து மத்திய சர்க்கார் ஐந்தாண்டு கதவடைப்பதை நிறுத்த வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்பதற்காக எவரையும் விரட்டக்கூடாது.

12 மணி ஷிப்டையும் ஆள் பற்றாக்குறையையும் குறைக்காமல் நோயை மட்டும் குறைக்க முடியாது. முதுகை முறிக்கும் வேலை இருக்கும் வரை வலிநீக்கிக்குக் கிராக்கி இருக்கும்.

தோழர்களே! கடைசியாக ஒரு வார்த்தை. நம் ஆலை வாசலிலும் நம் சேரியிலும் குடியில் விழுந்து, பிறகு தெளிந்து, தலை குனிந்து வேலை கேட்டு நிற்கிறவர்கள் உண்டு. "இவனா? இவன் பழைய கதை தெரியாதா?" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பு மேஸ்திரிக்குத்தான் லாபம். கூலியைக் குறைக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. விழுந்தவரைக் கைதூக்கி விட்டு, தெளிந்தவரைப் பக்கத்தில் நிறுத்தி, மறுபடி விழாமல் கண் வைத்துக்கொள்வது சக தொழிலாளியின் வேலை. அந்த அமெரிக்க நர்ஸ் தம் தோழிகளிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.